மெசின் நின்ற நேரத்துப் பாட்டு

போன வாரம் ஒரு பிள்ளை எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். மட்டக்களப்புப் பக்கம் போலிருக்கிறது. "அக்கா, உங்கட முதல் பாட்டில ரெண்டாவது சரணத்தில நீங்க அழுறீங்க. அந்த இடம் வந்தா நானும் அழுவன்" என்று எழுதி, இதயப் படங்களை வரிசையாக அடுக்கியிருந்தாள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அழுதது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணீருக்குக் காரணம் காதலும் இல்லை, கவலையும் இல்லை. வெங்காயம்.

உங்களுக்குச் சொன்னால் என்ன? அந்தப் பாட்டைப் பதிவு செய்தது ஒரு வெங்காயக் கொட்டிலில். நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையோரம் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டில். பிடுங்கிய சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டி, தலையில் இடிக்கிற மாதிரி வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் கரையில் சோளகக் காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் ஓயாது. வீட்டுக்குள் எந்த மூலையில் நின்று பாடினாலும் போனில் காற்றுத்தான் பதியும். நான் அதற்குப் பக்கப்பாட்டு. கொட்டிலுக்குள் மட்டும் காற்று அடங்கும், எதிரொலியும் இருக்காது. வெங்காயப் பிடிகள் சத்தத்தைக் குடித்துவிடும். பிற்பாடு கொழும்பில் ஒரு பதிவுக்கூடத்துச் சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்தபோது, இதற்கா இவ்வளவு பாடு, ஒரு லொறி வெங்காயம் போதுமே என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் நாளே மானம் போகக் கூடாது அல்லவா.

மணம்தான் பிரச்சினை. உம்மா ஒரு பக்கத்தில் குந்தியிருந்து அழுகலைத் தெரிந்தெடுத்து எறிந்துகொண்டிருப்பார். எனக்கு மூக்கு ஒழுகும், கண் எரியும். முதல் சரணம்வரை தாக்குப்பிடிப்பேன். அடுத்ததில் குரல் தானாக உடைந்துவிடும். பாட்டோ, பாலாவிச் சந்தியில் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. உண்மையில் தவறவிட்டது நான். போக இருந்தது கணக்கு டியூஷனுக்கு. பாட்டில் டியூஷன் காதலனாகிவிட்டது.

"ஒரு பஸ் போனதுக்கா இந்த அழுக?" என்று உம்மா கேட்டார்.

"அடுத்த பஸ் வராது உம்மா. அதுதான் பாட்டு."

"ஏன் வராது? பின்னால ஒண்டு வருமே."

பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு உம்மாமார் பெரிய சோதனை.

வாப்பா அந்தப் பக்கமே வரமாட்டார். அவருக்கு என் பாட்டு பிடிக்காது என்றே நான் நம்பியிருந்தேன். பாட்டு மார்க்கத்துக்கு ஆகாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. வாப்பா மன்னாரில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனத்தோடு, இளவயதில், வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். உடுத்த சாரத்தோடு வந்த மனுசன் தோட்டம் குத்தகைக்கு எடுத்து, இங்கேயே கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று வளர்த்த பிறகும் அவருக்கு இது வந்த ஊர்தான். "வந்த ஊர்ல சத்தம் போடப்படாது மகள். நம்மட குரல் வேலிக்கு அங்கால போகப்படாது" என்பார். வெங்காயம் எடுக்க வருகிற வியாபாரியிடம்கூட மெதுவாகத்தான் விலை பேசுவார். அப்படிப்பட்டவருக்குப் பாடுகிற மகள் பிறந்தால் அவர் என்னதான் செய்வார், பாவம்.

எனக்கோ ஒரே ஆசை. இந்த மனுசன் ஒரு தடவையாவது, 'நீ பாடுறவள்' என்று தன் வாயால் சொல்லிவிட வேண்டும். ஊர் சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும். இவர் சொல்ல வேண்டும்.

இனி தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு வருகிறேன். எங்களுடையது மணல் தரை. ஊற்றிய தண்ணீரை ஒரே மிடறில் குடித்துவிட்டு மறுபடி வாய் பிளக்கும். வெங்காயத்துக்குக் காலையும் மாலையும் இறைத்தாக வேண்டும். மாலை இறைப்பு அஸர் தொழுகை முடிந்த கையோடு தொடங்கும். கொட்டில் எனக்குக் கிடைப்பதும் அதே நேரம்தான். மண்ணெண்ணெய் மெசின் ஓடினால் கொட்டில் தகரம்கூட அதிரும். ஆரம்பத்தில் என் பாட்டுகளுக்கெல்லாம் அதுதான் தாளம், நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும். பிறகு என்ன ஆயிற்றென்றால், கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்து அலுத்துப்போய் எங்களிடம் தள்ளிவிட்ட கிதாரைத் தூக்கிக்கொண்டு நான் கொட்டில் பக்கம் போனால், கொஞ்ச நேரத்தில் மெசின் நின்றுவிடும். பாடி முடித்து வெளியே வந்தால் மறுபடி ஓடும். எனக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டுக்காரிக்குக் காது கூர்மை, மூளை கொஞ்சம் மந்தம்.

கடைசியில் உம்மாவிடம் கேட்டேன். "மெசினுக்கு என்ன வருத்தம்?"

"மெசினுக்கு ஒண்டுமில்ல. வாப்பாதான் நிப்பாட்டுற."

"என்னத்துக்கு?"

"சூடாகிட்டாம், ஆற விடுறாராம்." உம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "ஒன்ட பாட்டு முடிஞ்சோடன ஆறிப்போகுது."

அந்தப் போகம் எங்கள் பாத்திகளில் மட்டும் தாள் நுனி மஞ்சளித்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் நின்று, வாப்பாவை அண்ணன் முறை வைத்து, "என்ன நானா, தண்ணி காணாதா?" என்று கேட்டார். "ஓம், மெசின் பழசு" என்று வாப்பா பழியை மெசின்மேல் போட்டார். மகள் பாடுகிறாள் என்று சொல்லவில்லை. நான் கிட்டப் போய் நின்றேன். "வெயிலுக்க நிக்காம உள்ளுக்குப் போ" என்றுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பயிரைக் காயவிட்டு எனக்கு அமைதி வாங்கித் தந்தவரிடம், நான் இன்னும் ஒரு சொல்லுக்கு ஏங்கினேன். மனுச மனம் அப்படித்தான், கை நிறையக் கொடுத்தாலும் வாய் வார்த்தையும் கேட்கும்.

அந்த பஸ் பாட்டு கைபேசிகளில் ஊர்ந்து ஊர்ந்து எங்கெங்கோ போனது. நான் கொழும்புக்குப் போனேன். நான் பாடுவதற்கு 'இண்டி பாப்' என்று பெயர் இருப்பதே ஒரு நேர்காணலில்தான் தெரிந்தது. எவர் தயவும் இல்லாமல் தனியாகப் பாட்டு எழுதி, தானே பாடி, தானே வெளியிடுவது என்று விளக்கினார்கள். தன் கையே தனக்குதவி என்று என்னைப் பற்றிப் போட்டிருந்தார்கள். வாசித்துவிட்டு வெட்கமாக இருந்தது. தனியாக நான் செய்தது பஸ்ஸைத் தவறவிட்டது ஒன்றுதான்.

சில வருடங்கள் போய், வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. கிளினிக் காட்டுவதற்காக என்னுடைய வாடகை வீட்டில் வந்து தங்கினார். பக்கத்து வளவில் மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. காலை முதல் கொங்கிறீட் துளைக்கிற சத்தம். ஒரு பகல் நான் அறைக்குள் பாட முயன்று, முயன்று, வெறுத்துப்போய் இருந்தேன். வாப்பா வாசலில் கதிரையில் இருந்தார். எழும்பிப் போனது தெரிந்தது. கடைக்கு என்று நினைத்தேன்.

பிறகு வெளியே ஒரு கூச்சல். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை மேலே ஆட்டி, மூன்றாம் மாடியில் நின்ற வேலைக்காரரைப் பார்த்து வாப்பா கத்திக்கொண்டிருந்தார். வாப்பா. கத்திக்கொண்டிருந்தார்.

"மல்லி! பொட்டக் இன்ன! மகே துவ சிந்து கியனவா!"

தம்பி, கொஞ்சம் பொறு, என் மகள் பாட்டுப் பாடுகிறாள். வாப்பாவின் சிங்களம் சந்தைச் சிங்களம், அதையும் அவர் அவ்வளவு உயரத்துக்கு எறிந்து நான் கேட்டதே இல்லை. தெருவில் போன ஓர் ஆள் நின்று பார்த்தார். துளைக்கிற சத்தம் நின்றது. வாப்பா இருமிக்கொண்டே திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"ம். இப்ப பாடு" என்றார்.

பாடினேன். சுருதி எங்கேயோ போய், ஒன்றுக்கும் உதவாத பதிவு அது. ஆனால் இத்தனை காலம் நான் கேட்கக் காத்திருந்ததை அவர் ஊரறியச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்பதை எந்தப் பாட்டிலும் என்னால் எழுத முடியவில்லை.

அடுத்த நோன்புக்கு வாப்பா இல்லை. குத்தகைத் தோட்டம் கைமாறி, அங்கே கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு அறைகள் கட்டியிருக்கிறார்கள். கொட்டில் இல்லை, மெசின் பழைய இரும்புக்குப் போயிற்று. கொழும்பில் அந்த மாடிக் கட்டடமும் முடிந்து குடிவந்துவிட்டார்கள். இப்போது என் அறையில் நல்ல அமைதி. நினைத்த நேரம் பாடலாம். வெளியே போய், பாடுவது என் மகள் என்று சொல்லத்தான் ஆளில்லை.