கிளியம்மாள் விசாரிக்க வருகிறார்

கிளியம்மாள் எந்த வீட்டிலும் காலிங் பெல்லை அழுத்த மாட்டார். வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். கதவு திறந்ததும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொள்வார். "மூஞ்சி தெரியாம வெசாரிச்சா அது இன்னா வெசாரிப்பு?" என்பார். அப்புறம் படுத்திருப்பவரின் நெற்றியில் புறங்கையை வைப்பார், கழுத்தில் வைப்பார், அதே கையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "லேசா கணகணன்னு கீது" என்று அறிவிப்பார். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் அந்தக் கை படாத நெற்றி இல்லை.

அவர் குடும்பத்தின் நெல் வயல் இருந்த இடத்தில்தான் இப்போது அவருடைய வீடும் வாடகை போர்ஷன்களும் நிற்கின்றன. மாடி போர்ஷனில் நான் குடியிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதால் தெருவில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தப்பாது. கிளியம்மாளுக்கு வருமானம் வாடகை, தொழில் விசாரிப்பு. கல்யாணமோ கால் முறிவோ, நேரில் போய்க் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

கொரோனாவுக்காக ஊரைப் பூட்டிவைத்தபோது அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. போனில் விசாரித்துப் பார்த்தார். "போன்ல கேட்டா எல்லாரும் நல்லாகீறேன்னு சொல்லிடறாங்க. நேர்ல போனாத்தான் நோவு தெரியுது" என்று அலுத்துக்கொண்டார். கட்டுப்பாடுகள் எல்லாம் நீக்கம் என்று டிவியில் சொன்ன மறுநாளே தலைக்குக் குளித்து, பட்டு கட்டி, பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சேர்ந்து கிடந்த விசாரிப்புகளை எல்லாம் முடிக்க வேண்டுமே! முதலில் மறைமலை நகரில் ஒரு கல்யாணம். "தாலி கட்டும்போது மேளமே கேக்கல, அவ்ளோ இருமல்!" என்று சந்தோஷமாக வந்து சொன்னார். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அடுத்தது எதிர்வீட்டுச் சாம்பசிவன். ஊரடங்கில் மாடிப்படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டவர். கால் எப்போதோ கூடி, காலை நடையும் போய்க்கொண்டிருந்தார். கிளியம்மாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய், ஆறிப்போன காலை அமுக்கி அமுக்கிப் பார்த்து, ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தார். இரண்டொரு நாளில் சாம்பசிவன் காய்ச்சலில் படுத்தார். "பாத்தியா, முன்னாடியே ஹார்லிக்ஸ் குடுத்து வச்சது எவ்ளோ நல்லதாப் போச்சு" என்றபடி கிளியம்மாள் மறுபடி ஓடினார். அங்கிருந்து நேரே தையற்கடை ஜஹீராவின் மாமியாருக்கு, போன வருஷம் நடந்த கண் ஆபரேஷனை விசாரிக்கப் போனார். ஜஹீரா வீட்டில் எல்லோரும் படுத்தார்கள். அப்புறம் பக்கத்து வீட்டு லோகநாயகி.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை யாரும் பிரிக்கவில்லை. எங்கள் தெருவில் அது வழக்கமில்லை. வந்ததைப் பிரித்துவிட்டால் அடுத்த வீட்டுக்கு விசாரிக்கப் போகும்போது எதைக் கொண்டுபோவது? சாம்பசிவனின் மனைவி அதை ஜஹீராவுக்குக் கொடுத்தார். ஜஹீரா லோகநாயகிக்குக் கொடுத்தார். மூடியில் கிளியம்மாளின் விரல் குங்குமம் தீற்றலாக ஒட்டியிருந்ததால் மாடியிலிருந்தே அடையாளம் தெரிந்தது. முன்னால் கிளியம்மாள், அவருக்குப் பின்னால் காய்ச்சல், காய்ச்சலுக்குப் பின்னால் பாட்டில். வரிசை மாறவே இல்லை.

"வர்றது அக்கா, படுக்கறது நாம" என்றார் ஜஹீரா, என்னிடம் புடவையைக் கொடுத்தபடி. கிளியம்மாளிடம் இதைச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

சொன்னது மகள் கோகிலவாணி. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டியவள், தெருவே இருமுவதைக் கேட்டுவிட்டு மறைமலை நகரில் கணவன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். குறை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் என்றார்கள். கிளியம்மாள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அம்மா, டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஒரு வாரம் நீ யார் வீட்டுக்கும் போகக் கூடாது, யாரும் உன்கிட்ட வரக் கூடாது. அப்புறம் வந்து பாப்பாவைத் தூக்கிக்கோ."

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியேடி!"

"உனக்கு எப்பம்மா இருந்தது? நீ போற வீட்டுக்குத்தான் இருக்கும். நடுவுல ஒரு வீடு போனாலும் மறுபடி முதல்லேருந்து ஒரு வாரம்."

அன்று மாலை கிளியம்மாள் வராந்தாவின் கிரில் கதவை உள்ளிருந்தபடி பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினார். "நீ வச்சுக்கோ. நானே கேட்டாலும் குடுக்காத."

கேட்கவும் செய்தார். நான் தையலில் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு கம்பிக்குள்ளிருந்தே, போகிற வருகிறவர்களை விசாரிக்கத் தொடங்கினார். "இன்னாப்பா, முட்டி வலி எப்டி கீது?" என்று காய்கறி வண்டிக்காரரைக் கேட்டார். "அது எங்கப்பாவுக்கும்மா!" என்று அவர் வண்டியை வேகமாகத் தள்ளினார்.

கிளியம்மாள் யாரையும் பார்க்க வரவில்லை என்பது தெருவுக்குப் பெரிய செய்தி. அப்படியானால் அவருக்கு ஏதோ பெரிய வியாதிதான் என்று முடிவுகட்டினார்கள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கூட்டமாக விசாரிக்க வந்துவிட்டார்கள். முன்னால் லோகநாயகி, இருமிக்கொண்டு, கையில் பாட்டிலோடு. நானும் சாவியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தேன்.

"இன்னாக்கா, உள்ளயே அடஞ்சுகினு கீற? எங்கள வந்து பாத்த. உன்னை நாங்க பாக்க வேணாமா?"

"நல்லாத்தான் கீறேன். தள்ளி நில்லுங்க. நாளைக்குப் பேத்தியப் பாக்கப் போவணும்."

"நல்லா இருக்கிறவங்க எதுக்குப் பூட்டிக்கிறாங்க?" என்றார் சாம்பசிவன்.

"பேத்தியா!" என்று லோகநாயகி கம்பியைப் பிடித்தார். "அப்ப அதையும் சேத்தில்ல வெசாரிக்கணும்!" என்னைப் பார்த்தார். "ஏம்மா, சாவி உன்கிட்டதான கீது? தொற. நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்."

எனக்கு யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கிளியம்மாளைப் பார்த்தேன். அவருடைய வலது கை தானாகவே எழுந்து, புறங்கை முன்னால், லோகநாயகியின் நெற்றியை நோக்கிக் கம்பி வரைக்கும் வந்துவிட்டது. அங்கே நின்றது. அவர் அதைப் பின்னுக்கு இழுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"சரி, இதையாவது வாங்கிக்கோக்கா" என்று லோகநாயகி பாட்டிலைக் கிடத்தி, கதவின் அடியில் பூனை நுழையும் சந்து வழியாக உருட்டிவிட்டார். அது உருண்டு வந்து கிளியம்மாளின் காலடியில் நின்றது. அவர் குனிந்து மூடியைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி எங்கள் எல்லோரையும், ஒவ்வொரு முகமாக, பார்த்தார்.

பிறகு மூலையிலிருந்த தென்னந்துடைப்பத்தை எடுத்து, அதன் கோடியைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியாகவே பாட்டிலை மெல்ல வெளியே தள்ளினார், அது லோகநாயகியின் கால் கட்டைவிரலில் போய் இடிக்கும்வரை.