பெண் கேட்கப் போன சைக்கிள்

பழைய சைக்கிளைப் போல வருமா என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்துச் சக்கரம் இரும்பாம், இந்தக் காலத்துச் சக்கரம் அப்பளமாம். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பழைய வண்டியை ஒரு நாள்கூட மேட்டில் மிதித்திருக்க மாட்டார்கள். நான் மிதித்திருக்கிறேன். போதாததற்கு, ஒரு சக்கரத்தால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது. அதனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அப்போது நான் எங்கள் கரும்புத் தீவில், ரராவாய் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கையில் சேர்ந்த பணத்தைக் கொண்டுபோய் லவுத்தோக்கா பட்டணத்தில் ஒரு புது சைக்கிள் வாங்கினேன். மெல்லிய ரிம், ஒல்லி டயர், மூன்று கியர். ஒரு கையால் தூக்கிவிடலாம். அதே மாதம் ஒரு பெண்ணையும் பார்த்துவைத்தேன். தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூட விழாவில் வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் தேநீர் கொடுத்தாள். சர்க்கரை ஆலைக்காரனான என் கோப்பையில் மட்டும் சர்க்கரை போட மறந்துவிட்டாள். நானும் கேட்காமல் குடித்து முடித்தேன். வேறு எந்தப் பெண்ணுக்காகவும் அப்படிக் குடித்திருக்க மாட்டேன் என்று வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

என்னை வளர்த்த சின்னம்மாவைத் தூது அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பொண்ணுக்கு அம்மா இல்ல, அப்பாதான் எல்லாம். அந்த மனுசன் மாப்பிள்ளை மூஞ்சியப் பாக்க மாட்டாராம்டா. சைகில் சக்கரத்தத்தான் பாப்பாராம். நகத்தால கம்பியத் தட்டிக் கேப்பாராம். இதுவரைக்கும் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டாரு."

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் கரும்புக்காட்டுப் பக்கம் அதில் அர்த்தம் இருந்தது. குடும்பத்துக்கு வண்டி, பஸ் எல்லாமே சைக்கிள்தான். பின்னால் பெண்டாட்டி, முன்னால் பிள்ளை, கைப்பிடியில் சாமான் பை. கம்பி தளர்ந்து கிடந்தால் ஓட்டுகிறவன் அசட்டை என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை ஆலை விட்டு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பின்சக்கரத்தில் முப்பத்தாறு கம்பி. ஒவ்வொன்றையும் ஒரு சுற்று முறுக்கினேன். தட்டிப் பார்த்தேன், போதவில்லை. இன்னொரு சுற்று. அப்புறம் அரைச் சுற்று. கடைசியில் எந்தக் கம்பியைத் தொட்டாலும் கோயில் மணி மாதிரி கேட்டது. அவ்வளவு முறுக்கினால் அடி தாங்காது என்பது எந்த ஃபிட்டருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கல்யாண ஆசை வந்த பிறகு தெரிந்ததெல்லாம் எங்கே நினைவிருக்கிறது?

மறுநாள் சின்னம்மா பெரியவர்களுக்கு மரியாதையாகக் கொடுக்கும் நங்கோனா வேர் ஒரு கட்டோடு பஸ்ஸில் போனாள். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். ஊரெல்லாம் ஹிந்தி பேசினாலும் அந்த வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்பதில் பெண்ணின் அப்பா கண்டிப்பு. வாசலில் அவருடைய சைக்கிள் நின்றது. இரட்டை பார், இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், பின்னால் நாற்பது கம்பி, தடித்த ரிம். தன் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியதாம். அன்றைக்கு என்னைவிட அதுதான் பளபளப்பாக இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து கம்பியை நகத்தால் சுண்டினார். டிங் என்றது. மூன்று நான்கைச் சுண்டிவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் பாடுது. பாட்டு மட்டும் போதாது தம்பி. கடையில ரெண்டு மூட்டை அரிசி சொல்லி வச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு ஏத்திட்டு வருவோம். மூட்டை வீடு வந்து சேந்தா மேல பேசலாம்."

முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை.

கடையிலிருந்து வரும்போது நான் முன்னால், அவர் பின்னால். அவர் வீட்டுக்குச் சற்று முன்பு சாலை சரிந்து இறங்கும். சரிவின் அடியில் கரும்பு ரயில் தண்டவாளம். அதைத் தாண்டினால் வீட்டுப் படல். படலருகே சின்னம்மாவும் அவளும் நிற்பது தெரிந்தது. பார்க்கிறாள் என்றதும் நான் வேகத்தைக் கூட்டினேன்.

தண்டவாளத்தில் ஏறியதும் ஒரு கம்பி டங் என்று அறுந்தது. பின்னாலேயே நாலைந்து. சக்கரம் எட்டு மாதிரி வளைந்து, நான் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். தண்டவாளம் முழுக்க அரிசி. என் மானம் கப்பலேறியது.

எழுந்திருப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "தள்ளு தம்பி, தள்ளு, பிரேக்கு நிக்கல."

புரண்டு விலகினேன். பழைய சைக்கிள் தடக் தடக்கென்று தண்டவாளத்தைத் தாண்டி, சின்னம்மாவைத் தாண்டி, மகளைத் தாண்டி, தன் வீட்டுப் படலையும் தாண்டிச் சாக்கடைக்குள் இறங்கி நின்றது. முழங்கால்வரை சேற்றில் நின்றபடி அவர் முதலில் குனிந்து பார்த்தது சக்கரத்தைத்தான்.

"பாத்தியா, ஒரு கம்பி போகல. உன்னுது ஏக்தம் கண்ணாடி வளையல்." பிறகு சின்னம்மாவிடம் திரும்பினார். "கோவிச்சுக்காத தங்கச்சி. இந்தச் சக்கரத்தை நம்பி என் பொண்ணை அனுப்ப முடியாது."

ஆமாம், புது வண்டியே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் கோபம் வந்துவிட்டது. பாவம், சக்கரம் என்ன செய்யும்?

"சக்கரத்து மேல தப்பில்லீங்க ஐயா. நீங்க தட்டிப் பாப்பீங்கன்னு கேள்விப்பட்டு, நான்தான் நேத்து அளவுக்கு மேல முறுக்கினேன்."

சின்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப என்னை ஏமாத்த வந்தியா?"

"ஆமாங்க."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவர் மகள் ஒரு தட்டோடு வந்து, தண்டவாளத்துப் பக்கம் உட்கார்ந்து அரிசியை அள்ள ஆரம்பித்திருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"நீங்களும்தானேப்பா புது சைகில் வருதுன்னு நேத்து ரிம்முக்கெல்லாம் எண்ணெய் பூசினீங்க. அப்புறம் பிரேக்கு எப்படிப் பிடிக்கும்?"

அவர் தன் ரிம்மை விரலால் தடவிப் பார்த்தார். விரல் வழுக்கியது.

"தண்டவாளம் ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரிஞ்சுது. ஒருத்தர்கூட இறங்கல." தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "கேரியர்ல உக்காரப் போறது நான். எது பழசு எது புதுசுன்னு எனக்கு வேணாம். நான் பின்னாடி இருக்கறப்ப தண்டவாளம் வந்தா இறங்கித் தள்ளுவாரா, அதை மட்டும் கேளுங்க."

அவர் கேட்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"தள்ளுவேன்" என்றேன், அவளைப் பார்த்து.

சாக்கடையிலிருந்து ஒரு சேற்றுக் கை என் பக்கம் நீண்டது.

"தூக்கி விடுங்க மாப்ளே. கால் வர மாட்டேங்குது."