கம்பைலருக்கு உறைமோர்

இந்த வாரம் என்னோடு கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்.

ஏன் என்கிறீர்களா? இத்தனை நாளும் நீங்கள் படித்துக்கொண்டிருந்தது பாச்சாங் பாசாரில் கத்தரிக்காய்க்குச் சண்டை போடுகிறவள் எழுதியது. இப்போது எழுதுவது ஒரு கம்ப்யூட்டர் மொழியின் கம்பைலரில் கை வைத்தவள்! அந்தக் கம்பைலரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பட்டியலில் மொத்தம் பன்னிரண்டு பெயர். பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. சிரிக்காதீர்கள்… நானே மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கம்பைலர் என்றால் என்ன? போன சனிக்கிழமை வரை எனக்கும் தெரியாது. மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற சாஃப்ட்வேராம். என் நாத்தனார் மலர் – என் வீட்டுக்காரரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள் – அப்படி ஒன்றை ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஆபீஸ் வேலை தனி. இது சும்மா, ஆசைக்கு. ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். மலரையும் சேர்த்து, வேறு வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் பதினோரு பேர் அதைப் பராமரிக்கிறார்கள். தினமும் எங்கேயாவது ஒரு ஆணி கழன்றிருக்கும், யாராவது ஒருவர் முடுக்குவார். அதை எப்படி நிறுவுவது என்று சொல்லும் பக்கத்தை எழுதியதும், பார்த்துக்கொள்வதும் மலர்.

சனிக்கிழமை காலை அவள் வந்தபோது முகமே சரியில்லை. கோப்பி கொடுத்தேன். தொடவில்லை. போனை என் முன்னால் நீட்டினாள்.

“கடல் தாண்டி சபாவுல ஒரு டீச்சர், அண்ணி. திங்கக்கிழமை கிளாஸ் ஆரம்பிக்கிறாங்க. இருபது பிள்ளைங்க. எங்க கம்ப்யூட்டர் மொழியைப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்கப்போற மொத ஆளு இவங்கதான். அங்க எல்லாம் பழைய கம்ப்யூட்டரு, புது வெர்ஷன் ரெடிமேடா ஓடாது, அங்கயேதான் கட்டணும். மூணு வாரமா கட்டிப் பாக்குறாங்க, ஆக மாட்டேங்குது. நாளைக்குள்ள ஆகலைன்னா வேற மொழிக்குப் போயிடுவேன்னு எழுதிட்டாங்க.”

“உனக்கு ஆகுதா?”

“எனக்கு ஓடுதே! பதினோரு பேருக்கும் ஓடுது. இவங்க மூணாவது ஸ்டெப்பை ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டாங்க லா. இதுக்கு முன்னாடியும் ஏழு பேரு இதே கம்ப்ளெய்ன். எல்லாத்தையும் மூடிட்டேன்.”

“என்னான்னு எழுதி மூடுன?”

“‘எனக்கு ஓடுது’ன்னு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது!

செங் பக்கத்துத் தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலை உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக லைனில் நிற்கும் பெண்களுக்கு வேலைக் குறிப்பு எழுதுகிறேன். எந்தத் திருகை எடு, எந்தப் பக்கம் திருப்பு, எப்போது நிறுத்து. எழுதினால் மட்டும் போதாது. அந்த வேலையை ஜென்மத்தில் செய்யாத ஒருத்தியைக் கூட்டி வந்து, காகிதத்தைக் கையில் கொடுத்து உட்கார வைப்போம். எங்கள் லைனில் ஒரு சட்டம் உண்டு. காகிதத்தில் இருப்பதைச் செய். இல்லாததைச் செய்யாதே. காகிதம் சும்மா இருந்தால் கையை மடியில் வை! அவள் கை மடிக்குப் போனால் தப்பு அவளுடையது இல்லை, எழுதியவளுடையது. எத்தனை இன்ஜினியர்களை அந்த மடியில் வைத்த கை அழ வைத்திருக்கிறது தெரியுமா?

“உன் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துட்டு வா. நான் செய்யிறேன்,” என்றேன்.

“உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல எக்செலைத் தவிர ஒண்ணும் தெரியாதே அண்ணி…”

“அதனாலதான்டி!”

என் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் துடைத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் மலர் அழித்துக் கொடுத்தாள். காகிதத்தில் ஒன்பது ஸ்டெப். முதல் மூன்றும் வெண்ணெய் மாதிரி போயின. மூன்றாவதை இரண்டு தடவை சரிபார்த்தேன். மலரையும் பார்க்க வைத்தேன். “கரெக்ட்தான்,” என்று முணுமுணுத்தாள்.

நான்காவதில் திரை ஒரு கேள்வி கேட்டு நின்றது. தொடரலாமா, ஆமாவா இல்லையா என்று. காகிதத்தைப் பார்த்தேன். ‘முடியும்வரை காத்திருக்கவும்’ என்று இருந்தது. கையை மடியில் வைத்தேன். காத்திருந்தேன்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்னா, பூஜையா?” என்றார்.

“அழுத்துங்க அண்ணி!”

“எதை?”

“ஒய் எழுத்தைத்தான்! யெஸ்ஸுக்கு ஒய்!”

“காகிதத்துல இல்லையே.”

“அது எல்லாருக்கும் தெரியும் லா!”

“எனக்குத் தெரியாது. எழுது.”

பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவால் எழுதினாள். பிறகுதான் அழுத்தினேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே… நாத்தனாரைத் திருத்துகிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆறாவது ஸ்டெப்பில் வந்தது பாருங்கள். திரையில் சிவப்பு எழுத்து. கம்பைலர் கிடைக்கவில்லையாம்! கம்பைலரைக் கட்டத்தானே அரை நாளாக உட்கார்ந்திருக்கிறேன்? பொண்ணு பார்க்கப் போன இடத்தில், முதலில் உங்கள் பெண்டாட்டியைக் கூட்டி வாருங்கள் என்கிற மாதிரி.

“இதேதான்! டீச்சருக்கும் இதேதான் வருது!” மலர் எழுந்தே விட்டாள். தன் லேப்டாப்பைத் திறந்து அதே ஆறாவது ஸ்டெப்பைத் தட்டினாள். அவளுக்கு ஓடியது. என்னுடையதில் தட்டினாள். சிவப்பு. மறுபடி அவளுடையதில். ஓடியது.

நான் தொழிற்சாலையில் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “உன்கிட்ட இருக்கிற, என்கிட்ட இல்லாத சாமான் என்னா?”

“ஒண்ணும் இல்ல அண்ணி, எல்லாம் ஒண்ணுதான்…” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள். “ஐயோ… பழசு!”

“எது பழசு?”

“பழைய கம்பைலர்! எங்க கம்பைலரை எங்க மொழியிலயே எழுதியிருக்கோம். அப்போ புதுசைக் கட்டணும்னா பழசு ஒண்ணு மெஷின்ல இருக்கணும். அதுதான் புதுசை மாத்திக் கொடுக்கும். எங்க பதினோரு பேருகிட்டயும் எப்பவும் ஒண்ணு இருக்கும். தினமும் தானா டெஸ்ட் பண்ற மெஷின்லயும் இருக்கு. அதான் யாருக்கும் தெரியல. புதுசா வர்றவங்ககிட்ட எப்படி இருக்கும்?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அடுப்படியைப் பார்த்தேன். “தயிருக்கு உறை ஊத்துற மாதிரியா?”

“அதேதான் அண்ணி!”

பாருங்கள் கூத்தை! பாலைக் காய்ச்சு, ஆற வை, மூடி வை, காலையில் தயிர் என்று ஒன்பது ஸ்டெப் எழுதியிருக்கிறார்கள். ஒரு கரண்டி பழைய தயிர் ஊற்று என்று எழுதவில்லை. எழுதிய பதினோரு பேர் வீட்டிலும் தயிர் எப்போதும் இருக்கிறது! இல்லாத வீட்டுக்காரி பாலைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்து, நீ பாலைச் சரியாகக் காய்ச்சவில்லை என்கிறார்கள்.

சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த மலர் திடீரென்று அழுதுவிட்டாள். “ஏழு பேரு அண்ணி… சரியாத்தான் செஞ்சிருக்காங்க. நான் வாயை மூடுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அப்புறம் அவள் ஒரு காரியம் செய்தாள். நியாயமாக அவளே அந்த வரியைச் சேர்த்திருக்கலாம். “கண்டுபிடிச்சது நீங்க. நீங்கதான் எழுதணும்,” என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். பழைய பதிப்பை முதலில் இறக்கிக்கொள்ளவும், இதோ இங்கே, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அவ்வளவுதான் நான் எழுதியது. என் பழைய லேப்டாப்பில் ஒன்பதும் ஓடிய பிறகு அனுப்பினோம். அதையும் வேறு ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். குளிர் நாட்டில் இருக்கும் யாரோ ஒரு பெரியவர். எல்லோரும் தாண்டிப்போன இடம் இது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ‘நீங்கள் எழுதியதை மட்டும் செய்தேன்’ என்று பதில் போட்டேன்.  பிறகு ஒப்புக்கொண்டார், பட்டியலில் என் பெயரையும் ஏற்றினார்.

ஞாயிறு காலை டீச்சரிடமிருந்து இரண்டே வார்த்தை வந்தது. ‘ஓடுகிறது! நன்றி!’ மலர் போனை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலில் குதித்தோம். இரண்டு பேர் வயதையும் கூட்டினால் தொண்ணூறு தாண்டும். பிறகு அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து மூடிய ஏழு கம்ப்ளெய்ன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் ‘நீங்கள் சொன்னது சரி. தப்பு என்னுடையது’ என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். மூடியபோது எழுதியதைவிட நீளமாகத்தான் எழுதினாள்.

எனக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை. பாசாருக்குப் போனேன். கோலா சுங்கை பாருவிலிருந்து மீன் கொண்டு வரும் குமாரிடம் முழுக் கதையையும் சொன்னேன். கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டான்.

“அந்தச் சாமானை வாங்குறவங்க யாரு அக்கா?”

“யாரும் வாங்குறதில்ல தம்பி. ஃப்ரீ.”

“உங்களுக்கு என்னா கிடைக்கும்?”

“பேரு போடுவாங்க.”

“காசே இல்லாம செஞ்சிட்டு இந்தக் குதி குதிக்கிறீங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் மீன் ஒன்றை அதிகமாகப் பையில் போட்டான்.

ஒரு வேலையை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான், தெரிந்ததைச் சொல்லாமல் விடுகிற இந்த வியாதி. எனக்கு இல்லையா? மகளுக்குக் குழம்பு சொல்லிக் கொடுத்தபோது ‘வழக்கம்போல தாளிச்சிடு’ என்றுதானே சொன்னேன்? அவளுக்கு ஏது வழக்கம்? குழம்பு கெட்டதற்கு அவளையே திட்டவும் செய்தேன். இப்போது போன் பண்ணி மன்னிப்பு கேட்க வேண்டும். மலர் ஏழு பேரிடம் கேட்டாள், என்னால் ஒருத்தியிடம் முடியாதா?

திங்கட்கிழமை மதியம் மலர் போன் செய்தாள். சபாவில் வகுப்பு ஆரம்பித்துவிட்டதாம். பிள்ளைகளே காகிதத்தைப் பார்த்து நிறுவட்டும் என்று டீச்சர் விட்டிருக்கிறார். பத்தொன்பது கம்ப்யூட்டர் ஓடுகிறதாம்.

“இருபதாவது?”

“எட்டாவது ஸ்டெப்புல திரை என்னமோ கேக்குதாம் அண்ணி. அது நம்ம லேப்டாப்புல வரல. மத்த பிள்ளைங்க எல்லாம் குத்துமதிப்பா அழுத்திட்டாங்களாம். ஒரு பொண்ணு மட்டும் அழுத்த மாட்டேங்குதாம். காகிதத்துல இல்லையாம்.”

“சீக்கிரம் எழுதுடி மலரு… புள்ள கையை மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கு!”