ஜெபசெல்வி கட்டிய சிவப்பு நூல்

ஜெபசெல்வியின் வார்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் கொசுகூடக் கால் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேலி பேசுவார்கள். பக்கத்து ஊர் நாசரேத்துக்காரி. தூத்துக்குடியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வருஷம் பூரா பிள்ளை பெத்துக்கிட்டே இருக்கேன், இன்னும் என்ன?" என்று சிரிப்பாள்.

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் அந்தச் சிரிப்பு தொலைந்தது. பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புளில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. ஒரு குழந்தை கண் மூடிவிட்டது. 

யாரால் வந்தது? மீனவர் குப்பமான திரேஸ்புரத்துப் பெண்களால்தான்! மீன் விற்ற கையோடு வந்து குழந்தையைத் தூக்குகிறார்களே! சொந்தபந்தம் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று தடை போட்டாள். காய்ச்சல் மட்டும் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

இளம் டாக்டர் கிருபாநிதி ஒரு யோசனை சொன்னார். "யாரைத் திட்டலாம்னு பொறவு பார்ப்போம் சிஸ்டர். காய்ச்சல் கண்ட பிள்ளையோட தொட்டில்ல ஒரு சிவப்பு நூல் கட்டுங்க. பிள்ளை வீட்டுக்குப் போனாலும் நூல் இருக்கட்டும், எங்க கூடுதுன்னு பார்ப்போம். அமெரிக்காவுல இப்படிக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்குமாம்."

"அதுக்கு முடிச்சுப் போடத் தெரியுமா டாக்டர்?" என்றாள். ஆனாலும் கட்டினாள்.

சில வாரம் போனது. திரேஸ்புரத்து ஆக்னஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்குக் கிடைத்த உயிர். கடைசித் தொட்டிலில் கிடத்தினார்கள். மறுநாள் காலையில் அவள் மாமியார் இசபெல்லா வாசலில் நின்று ரகளை செய்தாள்.

"என் பேரனைப் பார்க்க டிக்கெட் எடுக்கணுமோ நர்ஸம்மா?"

"கையில சீலா மீன் வாசம் அடிக்கி மாமி. அங்கனயே நில்லுங்க. இந்த நூலைப் பாருங்க, ஒங்களால வாசலை ஒட்டி எம்புட்டு..."

காட்டுவதற்காகத் திரும்பினாள். வாசலை ஒட்டிய தொட்டில்களில் நூலே இல்லை. உள்ளே போகப் போகத்தான் நூல் கூடியது. கடைசித் தொட்டிலில் கொத்தாகத் தொங்கியது.

ஜெபசெல்வியின் இடுப்பில் குழந்தைகளைக் குளிப்பாட்டும் பேசின் இருந்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊர். ஒரு சொட்டு வீணாக்காமல், வாசல் பக்கத்திலிருந்து வரிசையாக, ஒரே தண்ணீரில் எல்லாக் குழந்தைகளையும் குளிப்பாட்டிக்கொண்டு வருவாள். ஆறினால் கொஞ்சம் வெந்நீர் சேர்ப்பாள். அந்தச் சிக்கனத்தில் அவளுக்கு அவ்வளவு பெருமை! இப்போது ஆக்னஸின் குழந்தைதான் பாக்கி. பேசினில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

"ஏன் நிக்கிய? என் பேரனுக்கு மட்டும் குளிப்பு இல்லையோ?"

ஜெபசெல்வியின் கண்ணீர் பேசினுக்குள் விழுந்தது. "இல்லை மாமி. இந்தத் தண்ணி அவன் மேல படக் கூடாது. ஒங்க மேல பழி போட்டேன். பிள்ளைகளுக்குச் சீக்கைச் சுமந்துட்டுப் போனது நானாக்கும்."

இசபெல்லா ரகளையை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அதுவே ஆஸ்பத்திரியில் பெரிய அதிசயம்.

"ஆளுக்கொரு தண்ணி வேணும்," என்றார் கிருபாநிதி. "இந்தக் கோடையில எங்க போக?"

"கொதிக்க வச்சிக் கொண்டாந்தா ஆகுமா டாக்டரய்யா?" என்று கேட்ட இசபெல்லா, அவர் தலையசைத்ததும் நடையைக் கட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் திரேஸ்புரத்துக் குசினி அடுப்புகளிலிருந்து கொதித்த தண்ணீருடன் மூடிய குடங்கள் வந்து இறங்கின. ஜெபசெல்வி சோப்பை நீட்டினாள். "கையைக் கழுவிட்டு உள்ள வாங்க மாமி."

"மொதல்ல நீங்க கழுவுங்க நர்ஸம்மா!"

இருவரும் கழுவினார்கள். தனக்கென்று வந்த தண்ணீரில் பேரன் காலை உதைத்து வார்டே அதிர அழுதான்.