நிறுத்தலாமா, சுத்தலாமா

போன வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். அவள் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். நர்சிங்கில் சேர்ப்பதா, வேறு எதிலாவது சேர்ப்பதா என்று அம்மனிடம் பூப்போட்டுக் கேட்க வேண்டுமாம். "உன் பொண்ண இட்டுகினு வாடி. சின்னக் கொழந்த கையாலதான் எடுக்கணும்" என்றாள். பொத்தேரியில் சின்ன மெஸ் கடை வைத்து, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுத்தான் நாங்கள் பிழைக்கிறோம். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து, "அப்புறம் பேசறேன்க்கா" என்று போனை வைத்துவிட்டேன்.

நான் நாலாவது படித்தபோது நம் மாநிலத்தில் அரசு லாட்டரி இருந்தது. விழாத சீட்டுகளையும் யாரும் கிழித்துப் போட மாட்டார்கள். அப்படி ஐந்து சீட்டைக் கவரில் போட்டு அனுப்பினால், குலுக்கிப் பார்த்து, பெயர் வந்தவர்களைச் சென்னைக்குக் கூப்பிட்டு டிவியில் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்ற விடுவார்கள். முதல் சுற்றில் முள் எந்தத் தொகையில் நிற்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆசையிருந்தால் இன்னொரு சுற்று. அதில் விழுந்தால் புது வேன். விழாவிட்டால் முதலில் வந்ததும் போய்விடும். கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கை நீட்டி, "நிறுத்தலாமா, சுத்தலாமா?" என்று கேட்பார். தெருவில் பாண்டி ஆடும்போதுகூட நாங்கள் அதையே கேட்டுக்கொள்வோம்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு ஷேர் வேன் ஓட்டினார். வேன் அவருடையதல்ல. பதினாலு வருஷம் அடுத்தவர் வண்டியைக் கழுவித் துடைத்து, சாவியை ராத்திரி அவர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருவார். அந்த வருஷம்தான் அக்கா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். செங்கல்பட்டில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்திருந்தது. பணம் கட்ட ஒரு மாதம் தவணை. அந்த நேரம் பார்த்து அப்பா பெயருக்கு டிவியிலிருந்து கடிதாசு வந்தது.

அம்மா கடிதாசை சாமி படத்தடியில் வைத்துவிட்டுச் சொன்னாள். "மொத சுத்துல இன்னா வருதோ அத வாங்கினு வந்துடுய்யா. பொண்ணு படிச்சிடும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. கடிதாசை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கும் அம்மனக் கேட்டுடலாம்" என்றார்.

எங்கள் ஊர்ச் செல்லியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்காமல் யாரும் கிணறு வெட்ட மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. குழந்தை ஒன்றை எடுக்கும். அன்றைக்கு வெள்ளை மல்லி வந்தால் நிறுத்த வேண்டும், செவ்வரளி வந்தால் சுற்ற வேண்டும் என்று அப்பா வேண்டிக்கொண்டார்.

அக்காவும் கூட வந்தாள். ஆனால் அவள் உள்ளே வரக்கூடாத நாள். கோயில் மதிலுக்கு வெளியே நின்று, "நல்லா கும்பிட்டு எடுடி" என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

நான் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் ஒரு கைக்குழந்தைக்கு மந்திரிக்க வேண்டும் என்று பூசாரியைக் கூப்பிட்டார்கள். அப்பா என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கி, விளக்குப் பக்கம் திரும்பி நின்று பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார்.

"சேப்பு" என்றார்.

"அவ இஷ்டம்" என்றார் பூசாரி, திரும்பிப் பார்க்காமல்.

வெளியே வரும் வழியில் குழாயடியில் அப்பா எனக்குக் கை கழுவிவிட்டார். மதிலுக்கு வெளியே அக்கா, "இன்னா பூ நைனா?" என்று கேட்டாள். சொன்னதும் அவள் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

சென்னைக்குப் போன அப்பா மறுநாள் திரும்பி வந்தார். கையில் ஒரு சுவர்க்கடிகாரம். ஆறுதல் பரிசு. அம்மா கடிகாரத்தை வாங்கி, ஆணி அடிக்காமல், அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை டிவியில் போட்டார்கள். மளிகைக் கடைக்காரர் வீட்டில் தெருவே கூடிவிட்டது. அப்பா வேனைத் துடைக்கப் போகிறேன் என்று போய்விட்டார். டிவியில் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் யாரோ மாதிரி நின்றார். முதல் சுற்றில் நாற்பதாயிரம் வந்தது. அக்கா படிப்புக்குக் கட்டி முடித்தாலும் மிச்சம் இருக்கும். கோட்டுக்காரர் மைக்கை நீட்டினார்.

முடிவு தெரிந்திருந்தும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "வாணாம்னு சொல்லுய்யா! நிறுத்துய்யா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா சட்டைப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க ஊர் அம்மன் உத்தரவு குடுத்துட்டா. சுத்தறேங்க" என்றார். கை தட்டினார்கள். சக்கரம் சுற்றியது. முள் வேன் படத்தைத் தாண்டி ஒரே ஒரு கட்டம் தள்ளி நின்றது.

அதற்கப்புறம் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், "அண்ணாத்த, நிறுத்தலாமா, சுத்தலாமா?" என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் தங்கள் வண்டியை எடுப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அக்கா மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. யாராவது அப்பாவைக் குறை சொன்னால் அவளுக்குத்தான் கோபம் வரும். "அம்மனே சேப்பு குடுத்தா, நைனா இன்னா பண்ணுவாரு?" என்பாள். இன்றுவரை ஒரு ஆடி வெள்ளி தவறாமல் கூழ் ஊற்றுகிறாள். நின்று நின்று முட்டி தேய்ந்த காலோடு கோயிலைச் சுற்றி வருகிறாள்.

அப்பா மட்டும் அந்தக் கோயிலுக்குள் அப்புறம் காலே வைக்கவில்லை. கோயில் திருப்பத்தில் வேனில் இருப்பவர்கள் எல்லாரும் கும்பிடுவார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். தீமிதி அன்றைக்கும் ஸ்டாண்டிலேயே படுத்துக் கிடப்பார். ஏமாற்றிய சாமி மேல் கோபம் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சாமியைக் கோபித்துக்கொள்ளலாமா, கண் போய்விடுமே என்று அவருக்காகத் தனியாக விளக்குப் போட்டிருக்கிறேன். அவர் காலமான அன்றைக்குக்கூட அம்மனிடம், "எங்க நைனாவ மன்னிச்சிடு தாயே, கோவத்துல வராம இருந்துட்டாரு" என்றுதான் வேண்டினேன்.

அது கோபமில்லை என்று எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆயிற்று. ஒருநாள் கடைப் பிள்ளையாருக்கு மல்லிச்சரம் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தபோது சட்டென்று அந்தக் குழாயடி ஞாபகம் வந்தது. அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு நைனாவும் இருக்க மாட்டார். சொல்லாவிட்டால் பழி அம்மன் மேலேயே கிடக்கிறது. தாயே, நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று நானே போன் செய்தேன். "பூவெல்லாம் வாணாம்க்கா. பொண்ண நர்சிங்லயே சேத்துடு" என்றேன்.

"சாமியக் கேக்காம எப்படிடி? உனக்கு இன்னா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"சாமி அப்பவே சொல்லிட்டாக்கா" என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பூ எடுத்த அன்றைக்குக் கோயிலை விட்டு வரும்போது நான் உள்ளங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். "நைனா, கையெல்லாம் மல்லி வாசன" என்றேன். அப்பா நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பதைப் பார்த்தார். என்னைக் குழாயடிக்கு அழைத்துப் போய், குந்தி உட்கார்ந்து, என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வேட்டி முனையால் விரல் விரலாகத் துடைத்தார். "இப்போ மோந்து பாரு" என்றார். "இல்ல நைனா" என்றேன். "அவ்ளோதான்" என்றார்.

எப்போதும் வண்டி, வண்டி என்றே இருக்கிற மனிதர். எனக்கு அவர் கை கழுவிவிட்டது அதுதான் முதல் தடவை. என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.