கைப்பிடி வைத்த நாற்காலி

“எந்த கோர்ஸ்?”

குர்லாவில் ரயில் ஏறிய அந்நியர் இன்னும் மேல்பிடியைக்கூடப் பிடித்திருக்கவில்லை. முதுகு நேராக இருக்கிறது, மீசை ஒட்டக் கத்தரித்திருக்கிறது, ஷூ பளபளக்கிறது. கேப்டன் ஜகந்நாதனுக்கு அவ்வளவு போதும். அந்நியர் ஏதோ இன்ஷூரன்ஸ் ஆசாமி. இவர் தபால்வழிப் படிப்பு விற்கிறவரோ என்று பயந்து கதவோரம் ஒதுங்கிவிட்டார். கேப்டனுக்கு வருத்தமில்லை. செம்பூர் வருவதற்குள் இன்னொரு நேரான முதுகு அகப்படும்.

சீனாக்காரன் எல்லை தாண்டி வந்தபோது அவசர அவசரமாக அதிகாரிகளைச் சேர்த்தார்களே, அதில் சேர்ந்தவர் கேப்டன். பரங்கிமலை ராணுவப் பயிற்சிப் பள்ளியில் ஐந்தாவது கோர்ஸ், அதாவது ஐந்தாவதாக உள்ளே போன அணி. ராணுவம் ஐந்து வருஷம் வைத்திருந்துவிட்டு, போதும் சாமி என்று அனுப்பிவிட்டது. இப்போது டிராம்பே பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் செக்யூரிட்டி ஆபீசர். ஆனால் வாசல் பலகையிலும் ரேஷன் கடை க்யூவிலும் கேப்டன்தான். டெலிபோனை எடுத்தால் “கேப்டன் ஹியர்!” என்று அதட்டுவார். மறுமுனையில் பெரும்பாலும் அவருடைய மாமியார்.

“ஊரையெல்லாம் கேக்கறேள். இந்தாத்துல நான் எந்த கோர்ஸ்னு ஒரு நாளாவது கேட்டேளா?” என்பாள் மனைவி ஷ்யாமளா. கேட்டதில்லை. கேட்டால் யார் சீனியர் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

இரண்டாம் சனிக்கிழமைதான் அவருக்குத் தீபாவளி. அன்று மாலை மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் பயிற்சிப் பள்ளிப் பழைய மாணவர் சங்கம் கூடும். பாங்க் மேனேஜர், கப்பல் கம்பெனிக்காரர், இன்னும் யூனிஃபார்மைக் கழற்றாத ஓரிருவர் என்று இருபது பேர் தேறும். பாதிக்கு மேல் தமிழர்கள். சிறப்புப் பேச்சாளர் ஒருவர் பேசுவார். அப்புறம் உருளைக்கிழங்கு வைத்த பட்டாட்டா வடையும் டீயும். இங்கே பதவி, பங்களா, கார் எதுவும் செல்லுபடியாகாது. யார் முந்திப் பயிற்சிப் பள்ளிக்குள் கால் வைத்தாரோ அவர் சீனியர். இந்தக் கிளையில் ஐந்தாவது கோர்ஸை முந்தியவர் எவரும் இல்லை. ஆகவே முன்வரிசையில் கைப்பிடி வைத்த ஒரே நாற்காலி கேப்டனுக்கு. முதல் கேள்வி அவருக்கு. வடையில் முதல் கையும் அவருக்கே.

ஒருமுறை கொலாபாவிலிருந்து பேச வந்த கர்னல் ஒருவர், பேசிய பசியில் தட்டை நோக்கிக் கையை நீட்டிவிட்டார்.

“எந்த கோர்ஸ், கர்னல்?”

“பதினொண்ணு, சார்.” கை தானாகப் பின்வாங்கியது.

அந்த ஒரு ‘சார்’ கேப்டனுக்கு மாதம் முழுக்கக் காணும். பின்னே? தொழிற்சாலை மேனேஜர் அவரைவிடப் பத்து வயது சின்னவன். ‘ஜக்கு’ என்று கூப்பிடுகிறான். வீட்டிலோ அவர் வாயைத் திறந்தால் பிள்ளைகள் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்கள். பாவம், மனிதருக்கு இந்தப் பம்பாயில் தமக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

அதற்கு அவரே உலை வைத்துக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை. போன ஜூலையில் மழை பிடித்துக்கொள்ள, பேச வருவதாகச் சொன்ன பிரமுகர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். கேப்டனுக்கு ஜெயினுலாப்தீன் நினைவு வந்தது. தொழிற்சாலைக்கு பூட்ஸ் சப்ளை செய்கிறவர். தாராவியில் தோல் பட்டறை. ஜெர்மனிக்கெல்லாம் பை அனுப்புகிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கனத்த உடம்பு, நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. உள்ளே போகும் பாஸுக்காக வருஷக்கணக்கில் கேப்டனின் ஜன்னலோரம் நின்று “சௌக்கியமா இருக்கியளா, சார்?” என்று கேட்டு வருகிறவர். பம்பாய் முழுக்க கோர்ஸ் விசாரித்த கேப்டன் இவரிடம் மட்டும் விசாரித்ததில்லை. தாராவி, தாடி, தோல் வாடை: இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

“எக்ஸ்போர்ட் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசும். பெரிய பெரிய ஆபீசர்ஸ் வருவா. பயந்துண்டு உளறப்படாது, புரிஞ்சுதோ?”

“பேசுதேன், சார்” என்றார் ஜெயினுலாப்தீன். தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடிய மாதிரி இருந்தது.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. தோல் பதனிடுவது, ஜெர்மன்காரனின் பிடிவாதம், துறைமுகத்தில் மழையில் ஊறிய பெட்டிகள் என்று சுருக்கமாகச் சொன்னார். முடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“ஒண்ண மட்டும் சொல்லாமப் போனா மனசுக்கு ஒப்பாது. நானும் பரங்கிமலைதான். நாலாவது கோர்ஸ். அறுபத்தஞ்சு சண்டையில முழங்கால் போச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நம்ம கேப்டன் சார் வந்து எறங்குன அன்னைக்கு, அவரு டிரங்குப் பெட்டிய அவரு தலையிலயே வச்சி மைதானத்தச் சுத்தவிட்டவன் நாந்தான். தப்பா நெனக்கப்படாது.”

மாடி அதிரச் சிரித்தார்கள். “இத்தனை வருஷமா ஏன் சார் சொல்லலை?” என்றார் சங்கச் செயலாளர் வெங்கடராமன்.

“யாரும் கேக்கலியே. பூட்ஸ் விக்கப்போன எடத்துல நாமளாச் சொன்னா, ஆர்டருக்குப் போட்ட தூண்டில்னுல்லா ஆயிரும்?”

சிரிப்பு அடங்கியதும் எல்லார் கண்ணும் கைப்பிடி நாற்காலிக்குப் போயிற்று. கேப்டனுக்குக் காதுமடல் சுட்டது. மனசுக்குள் அந்தத் தாடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். அடடா, அந்த முகமேதான்! பரங்கிமலை வெயிலில் ‘ஓடு, ஓடு’ என்று பின்னாலேயே வந்த அந்தக் குரலேதான். சந்தா கட்டாதவர் எப்படி சீனியர் ஆவார் என்று ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. ஆனால் வடைக்குக் கை நீட்டிய அந்தக் கர்னல் மட்டும் சந்தா கட்டியிருந்தாரா என்ன? கோர்ஸ் கேட்டு அவரைத் தடுத்த வாயால் இதைச் சொல்ல முடியுமா?

“கேப்டன், முதல் கேள்வி உங்களோடது” என்றார் வெங்கடராமன். குரலில் கொஞ்சம் விஷமம் இருந்தது.

கேப்டன் எழுந்தார். உலகச் சந்தை பற்றி நீளமான கேள்வி ஒன்றைத் தயார் பண்ணி வைத்திருந்தார். அது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“கேள்வி ஒண்ணும் இல்லை” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “சார்.”

ஜெயினுலாப்தீன் பதறிப்போனார். ஜன்னலோரப் பழக்கம் அத்தனை சுலபமாக விடுமா? “ஐயய்யோ, நீங்க என்னத்துக்கு சார் நிக்கிய? இரிங்க சார், இரிங்க!”

சீனியர் சொல்லியாகிவிட்டது. கேப்டன் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஆனால் முன்விளிம்பில் மட்டும், முதுகு சாய்மானத்தில் படாமல், இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்கள்மேல் விரித்து வைத்துக்கொண்டு.