ஏலக்கா ஸ்டோரில் மினுங்கிய சிவப்பு பல்பு

பேய், பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா நான் டீ கிளாஸை எடுத்துக்கிட்டு எழுந்து போற ஆளு. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கொஞ்ச நேரத்துல நீங்க என்னையும் பேய்க்கதை சொல்றவனாத்தான் பாக்கப் போறீங்க. எனக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்துச்சு. மெஷின் கோளாறு பண்ணுதுன்னா ஒண்ணு ஒயர் லூசா இருக்கும், இல்ல மாட்டினவன் லூசா இருப்பான். மூணாவதா ஒரு காரணம் கிடையவே கிடையாதுன்னு வண்டன்மேட்டு டீக்கடையில எத்தனை பேரோட வாதாடியிருக்கேன் தெரியுமா. அப்புறம் இன்னொண்ணு, இது நடந்தது நடுராத்திரி இல்லை. காலையில பதினொண்ணரை மணி, ஆடி மாசத்து மழை.

என் பொழப்பு என்னன்னா, ஏலக்கா காய வைக்கிற ஸ்டோருக்கு சின்னதா ஒரு கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கிறது. உள்ளங்கை அளவு போர்டுதான், ஆனா லினக்ஸ் ஓடும். ஸ்டோருன்னா என்ன, நாலு பக்கமும் தடிச்ச சுவரு, உள்ள அடுக்கடுக்கா வலைத்தட்டு, தரையில தகரக் குழாய், வெளியே அடுப்பு. அடுப்புல விறகு போட்டா சூடு குழாய் வழியா உள்ள போகும். சூடு கூடினாலும் குறைஞ்சாலும் காயோட பச்சை போயிடும், அதோட விலையும் போயிடும். என் போர்டு சூட்டைப் பாத்து ஃபேனை ஓட்டும், நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வச்சுக்கும்.

இது நடந்த ஸ்டோர்ல முத்தையா அண்ணாச்சியும் அவரு பொண்டாட்டி பேச்சியக்காவும்தான் வேலை. அண்ணாச்சி வெளியே அடுப்பு, அக்கா உள்ள போய்த் தட்டுல காயைப் புரட்டிவிடும். உள்ள கத்தினா வெளியே கேக்காது, அதனால ஒரு தண்டவாளத் துண்டை உள்ளே தொங்கவிட்டிருந்தாங்க. உள்ள போறவங்க அதை ரெண்டு தடவை அடிச்சு, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை அடிக்கணும். ஆள் உள்ளே இருக்கு, விறகு போடாதேன்னு அர்த்தம். இது அவங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த பாஷை, எனக்கு அப்போ தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, வெளியே இருக்கிறவரைக் கூப்பிட பழைய இரும்பு ஒண்ணு தொங்குது, பாக்க அசிங்கமா இருக்கு.

அதனால அன்னைக்குக் காலையில அதைக் கழட்டினேன். அந்த இடத்துல ஒரு பட்டன் வச்சு, அடுப்புக்கு மேல ஒரு சிவப்பு பல்பு மாட்டி, பட்டனை அமுக்கினா பல்பு எரியும், இனி இந்த இரும்பு எதுக்கு அக்கான்னு பெருமையாக் கேட்டேன். சாரல் அடிச்சதால லேப்டாப்பை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் பறக்காம இருக்க அந்த இரும்பையே பாரமா வச்சேன்.

மாட்டின நேரத்துலேருந்து அந்த பல்பு என் உயிரை வாங்கிடுச்சு. யாரும் அமுக்காமலே மினுங்குது. நீளமான ஒயர், பக்கத்துலயே ஃபேன் மோட்டார், ஏதோ மின்சாரம் தாவுதுன்னு நெனச்சு ஒயரை மாத்துறேன், மோட்டாருக்குத் தள்ளி இழுக்குறேன், புரோகிராமைத் திருத்துறேன், போர்டை அணைச்சுப் போடுறேன், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடி மினுங்கும். மத்தியானம் முதலாளி வந்து பாக்குறேன்னு சொல்லியிருந்தாரு, அவருக்குப் பிடிச்சா இன்னும் நாலு ஸ்டோர் எனக்குத்தான். நிக்க முடியலை, உக்கார முடியலை. கடைசியில பட்டனையே கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். போர்டுல பட்டன் ஒயர் வந்து சேர்ற ‘பின்’ ஆடாம அசையாம இருக்க ஒரு ரெசிஸ்டரோட கட்டிப் போட்டேன். இனி அதுக்கு வெளியேருந்து எந்தச் சேதியும் வர வழியே இல்லை. பல்பு அடங்குச்சு. அக்காகிட்ட மட்டும், பட்டன் இப்ப இல்லைன்னு சொல்ல மறந்துட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு திரையில சூடு சர்ருன்னு இறங்குது. போய்ப் பாத்தா ஸ்டோர் கதவு ஒருக்களிச்சுக் கிடக்கு. சூடெல்லாம் வீணாப் போகுதேன்னு எரிச்சலா வந்துச்சு. கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளே எட்டிப் பாத்திருக்கலாம். பாக்கலை. அதோட விட்டேனா, காலையிலயே அடுப்பை நிரப்பிட்டு விறகு பிளக்கப் போயி, அப்பத்தான் கொட்டகையிலேருந்து வந்த அண்ணாச்சிகிட்ட, சூடு இறங்கிடுச்சு, இன்னும் நாலு கட்டை போடுங்கன்னு சொன்னேன். அவரும் போட்டாரு. அக்கா எங்கேன்னு நான் கேட்டதுக்கு, கஞ்சி வைக்க லயத்து வீட்டுக்குப் போயிருக்கும்னாரு.

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. பட்டன் என் சட்டைப் பையில இருக்கு, பின் கட்டிப் போட்டுக் கிடக்கு, அந்த பல்பு எரியுது. ரெண்டு தடவை எரிஞ்சு, நின்னு, இன்னொரு தடவை. மறுபடி அதே. எனக்கு வந்த கோபத்துல போர்டுக்கு வர்ற கரண்டையே பிடுங்கிடலாம்னு பிளக்கை நோக்கிக் கை நீட்டினேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடிச்சாரு. பிடி இரும்பா இருக்கு.

"தம்பி, அதுல கைய வச்சிராத. உள்ள ஆளு இருக்கு."

நான் அது கோளாறுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரு அடுப்புலேருந்து எரியிற கட்டையை வெறுங்கையால வெளியே இழுத்துப் போட ஆரம்பிச்சுட்டாரு. நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். முகத்துல அடிச்ச சூட்டை இப்பவும் மறக்க முடியலை. கடைசித் தட்டுக்குக் கீழே அக்கா சுருண்டு கிடந்துச்சு. தூக்கி மழையில போட்டோம். அண்ணாச்சி பேச்சி, பேச்சின்னு கன்னத்துல தட்டிக்கிட்டே இருந்தாரு. அந்த ரெண்டு நிமிஷத்துல நான் கும்பிடாத சாமி இல்லை, கொள்கையெல்லாம் எங்கேயோ போச்சு. அக்கா கண்ணைத் திறந்தப்போ நான் சேத்துல உக்காந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்லை.

தண்ணி குடிச்சு நிதானம் வந்ததும் அக்கா சொன்னது இதுதான்.

"பட்டனத் தேடினேன் தம்பி, கைக்கு அம்புடலை. அப்புறம் நம்ம இரும்பு தொங்குச்சுல்லா, அத அடிச்சேன். கை சோர்ற வரைக்கும் அடிச்சேன்."

நான் திரும்பிப் பாத்தேன். இரும்பு பிளாஸ்டிக் தாள் மேல, நான் வச்ச இடத்துலயே மழையில நனைஞ்சு கிடக்கு. அக்காவோட வலது உள்ளங்கை முழுக்க துரு. சூட்டுல மயங்கி, தகரக் குழாயைத் தட்டியிருக்கும், துரு அதுலேருந்து ஒட்டியிருக்கும்னு நீங்க சொல்வீங்க. நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கிட்டேன். சரி, இருக்கட்டும். அப்ப பல்பு எப்படி எரிஞ்சுச்சு?

முதலாளி வர்றதுக்கு முன்னாடியே இரும்பைப் பழைய இடத்துல மாட்டிட்டேன். அந்த நாலு ஸ்டோர் வேலையும் எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா போர்டு எழுதி வச்சதை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். எந்த நேரத்துல எவ்வளவு சூடு, பல்பு எப்போ எரிஞ்சுச்சு, எல்லாம் வரிசையா அதுல இருக்கும். போர்டுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது, நேரம் தப்பா இருக்கும்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்வாங்க. காலையில என் போனைப் பாத்து நானே நேரம் வச்சேன், அப்படியே தப்பா இருந்தாலும் எதுக்கு அப்புறம் எதுங்கிற வரிசை மாறாதில்லையா.

பதினொண்ணேகாலுக்குக் கதவு திறந்து சூடு இறங்கினது அதுல இருக்கு, அக்கா உள்ள போன நேரம் அதுதான். பதினொண்ணரைக்கு பல்பு எரிஞ்சது இருக்கு. அதுக்கும் மேலே, காலையில எட்டு மணிக்கு நான் பல்பை மாட்டினதுலேருந்து யாரும் அமுக்காம மினுங்கின ஒவ்வொரு தடவையும் இருக்கு. மினுங்கினப்போ நான் லேப்டாப்பைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு தடவை கூட எண்ணிப் பாக்கலை. இப்போ எங்க விளக்கு மினுங்கினாலும் கை வேலையை நிறுத்திட்டு எண்ணுறேன், வீட்டுல சிரிக்கிறாங்க.

எட்டு மணியிலேருந்து எல்லாமே ரெண்டு, இடைவெளி, ஒண்ணு. மூணு மணி நேரமா கோளாறுன்னு நெனச்சு நான் நிறுத்தப் பாத்தது அதைத்தான். அப்போ அந்த ஸ்டோருக்குள்ள யாருமே இல்லை.